ரிச்மண்டுக்கு அடியில் இருக்கும் பெயர்கள்

ரிச்மண்ட் என்ற பெயரில் எத்தனை ஊர்கள்! வர்ஜீனியாவின் தலைநகரம், வான்கூவரை ஒட்டிய ஊர், மெல்போர்னின் ஒரு பகுதி, கைதிகள் கட்டிய கல்பாலம் நிற்கும் தாஸ்மேனியச் சிற்றூர். இலங்கையின் காலி நகரில்கூட ஒரு ரிச்மண்ட் ஹில் உண்டு. ரிச்மண்ட் கல்லூரி அங்கேதான். சுத்தமான ஆங்கிலப் பெயர் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

உண்மையில் அது பிரெஞ்சுப் பெயர். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னர் வில்லியம், தன்னோடு வந்த ஆலன் ரூஃபஸ் என்ற பிரபுவுக்கு யார்க்‌ஷயரில் ஏராளமான நிலம் கொடுத்தார். ஸ்வேல் ஆற்றங்கரை மேட்டில் ஆலன் கோட்டை எழுப்பினார். அந்த மேடுதான் ரிச்மண்ட் ஆனது. 'வலிமையான குன்று' என்று பொருள். நார்மண்டியில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது. ஆக, ஜெயித்தவர்கள் கொண்டுவந்து வைத்த பெயர் அது.

லண்டன் ரிச்மண்டும் அப்படித்தான். அந்த இடத்தின் பழைய பெயர் ஷீன். அங்கிருந்த அரண்மனை 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் எரிந்துபோனது. ஏழாம் ஹென்றி, அரசராகும் முன்பு ரிச்மண்ட் பிரபு. புதிதாகக் கட்டிய அரண்மனைக்குத் தன் பழைய பட்டத்தையே பெயராக வைத்துவிட்டார். அப்புறம் ஊருக்கும் அதுவே பெயரானது.

1737-இல் வில்லியம் பேர்ட் என்ற வர்ஜீனிய நிலவுடைமையாளர் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரத்துக்கு மனை பிரித்தார். சிறுவயதில் இங்கிலாந்தில் படித்தவர். ஆறு வளையும் அழகு, லண்டனின் ரிச்மண்ட் குன்றிலிருந்து தேம்ஸ் தெரிவதைப் போலவே இருந்ததாம். வைத்தார் பெயரை.

அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. மனதில் தங்கிய ஊரின் பெயரைப் புது மண்ணில் சொல்லிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அதே இடத்தில், அருவிகளுக்குப் பக்கத்தில், பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. ஆற்றையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். 1607-இல் வந்த ஆங்கிலேயர் அங்கே தங்கள் மன்னர் ஜேம்ஸின் பெயரில் சிலுவை நட்டார்கள். கடைசியில் ஆறும் அவர் பெயருக்குப் போனது.

இதையெல்லாம் 'பெயர் பரவியது' என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. விதை பரவுவதுபோல அது தானாக நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதிகாரம் கையில் இருந்த ஒருவர், ஏற்கெனவே இருந்த பெயரின் மேல் தன் பெயரை எழுதினார். ரிச்மண்டை இனி நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பல தலைமுறைகள் அந்தப் பெயரோடு வாழ்ந்துவிட்டார்கள், அதுவும் அவர்களுடையதுதான். பழையதையும் பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். நியூசிலாந்தில் 1998 முதல் குக் மலையின் அதிகாரபூர்வப் பெயரில் மாவோரிப் பெயரான ஆவோராக்கிதான் முதலில் வருகிறது. வர்ஜீனியாவில் ஏன் முடியாது?

லண்டனில் அரசரே மாற்றியும் ஷீன் அழியவில்லை. ரிச்மண்டில் ரயில் ஏறி லண்டன் பக்கம் வந்தால், அடுத்த நிலையத்தின் பெயர் நார்த் ஷீன்.