காளான் கேப்ஸ்யூலும் சித்தப்பாவின் சுகர் மாத்திரையும்

போன மாதம் சித்தப்பா தன் சுகர் மாத்திரையைத் தானாகவே பாதியாகக் குறைத்துவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று ரெய்ஷி காளான் கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறார். "இயற்கையானதுப்பா, பக்கவிளைவே கிடையாது" என்றார். அன்று ஏற்பட்ட பயத்தில்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காளானில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரெய்ஷியிலிருந்து கானோடெரான் என்ற கூட்டுச் சர்க்கரைகளைப் பிரித்தெடுத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. சில காளான்களின் சாறு, மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது. அகார்போஸ் என்ற சுகர் மாத்திரை நம் குடலில் செய்வதும் அதே வேலைதான். சரி, நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஆனால் எலிக்கு ஊசியில் ஏற்றியதும், நாம் விழுங்கிச் செரித்தபின் ரத்தத்தில் போய்ச் சேருவதும் ஒன்றாகிவிடுமா?

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 84 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. தினம் 3 கிராம் ரெய்ஷி, 16 வாரம். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரியைக் காட்டும் என்பதால் பலன் இருந்தால் தெரிந்துவிடும் அளவுக்கு அந்தக் காலம் போதும். மருந்தில்லாத கேப்ஸ்யூல் எடுத்தவர்களோடு ஒப்பிட்டதில் எந்த வித்தியாசமும் இல்லை. 2007இல் தைவானில் 72 பேருக்கு அகாரிகஸ் பிளேசி என்ற வேறொரு காளானின் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு சேர்த்துத்தான் காளான். சித்தப்பாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அப்புறம், டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். உண்மையான ரெய்ஷி என்று உறுதியானவை 5 மட்டுமே. தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்துவிடுவதும் உண்டு. அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்தை மருந்தென்று விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

ஒருவேளை சாறு வேலை செய்தாலும் சிக்கல்தான். இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும், மயங்கியும் விழலாம். சாகா என்ற காளானில், சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாதக்கணக்கில் அதன் பொடியைச் சாப்பிட்ட ஒரு பெண்ணின் சிறுநீரகமே பழுதானதாக 2014இல் ஜப்பானிலிருந்து பதிவு வந்திருக்கிறது. சர்க்கரை நோயில் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே ஆபத்து இருக்கும்போது இது வேறா?

விற்றவர் சித்தப்பாவிடம் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது பழைய அளவுக்கே திரும்பியிருக்கிறார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்து வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.