வால்டர் டல்லுக்கு ‘முதல்’ பட்டம் எதற்கு?

வால்டர் டல் பற்றிய பதிவுகள் பலவும் ‘பிரிட்டனின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர்’, ‘முதல் கறுப்பின ராணுவ அதிகாரி’ என்றுதான் தொடங்குகின்றன. இரண்டுமே தவறு. கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் 1889-லேயே ரோதர்ஹாம் டவுன் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடினார். ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915-ல் பீரங்கிப் படையில் அதிகாரியாகிவிட்டார். டல்லின் பெருமைக்கு இந்தப் பட்டங்கள் தேவையே இல்லை.

அப்பா பார்படோஸிலிருந்து வந்த தச்சர். ஒன்பது வயதுக்குள் தாய், தந்தை இருவரும் போய், பெத்னல் கிரீன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1909-ல் லண்டனின் டோட்டன்ஹாம் கால்பந்து அணி அவரை எடுத்தது. முன்பணம் 10 பவுண்டு, வாரம் 4 பவுண்டு. அன்றைய விதிப்படி அதற்கு மேல் யாருக்கும் கொடுக்க முடியாது. அக்டோபரில் பிரிஸ்டலில் கூட்டத்தில் ஒரு பகுதி நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தது. அன்று களத்திலிருந்த முன்கள வீரர்களில் திறமையில் அவரே முதல்வர் என்று நிருபர் எழுதினார். ஆனாலும் விரைவிலேயே ரிசர்வ் அணிக்குத் தள்ளப்பட்டார். டோட்டன்ஹாமுக்கு லீகில் மொத்தம் 10 ஆட்டம், 2 கோல். 1911-ல் நார்தாம்ப்டன் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அவரைத் தன் அணிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே நூறு ஆட்டங்களுக்கு மேல், பெரும்பாலும் ஹாஃப் பேக்காக, அதாவது நடுக்கள ஆட்டக்காரராக.

முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914 டிசம்பரில் கால்பந்து வீரர்களின் பட்டாலியனான 17-வது மிடில்செக்ஸில் சேர்ந்தார். 1916-ல் குண்டதிர்ச்சி நோயால் மருத்துவமனை, தேறியதும் மறுபடி பிரான்ஸின் சோம் போர்முனை.

இனிதான் முக்கியமான விஷயம். 1914 ராணுவச் சட்டக் கையேட்டின்படி, கறுப்பினத்தவருக்குக் கௌரவப் பதவி தரலாம். படையை நடத்தும் அதிகாரம் கூடாது. சோமில் அதிகாரிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால், சாதாரணச் சிப்பாய்களிலிருந்தே அதிகாரிகளைத் தேட வேண்டி வந்தது. அதற்குக் கமாண்டரின் பரிந்துரை வேண்டும். டல்லுக்கு அது கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸில் பயிற்சி முடித்து, 1917 மே 30-ல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். விதி அப்படியே இருக்க, வெள்ளையர்கள் அவர் கட்டளைக்குக் கீழே நின்றார்கள். போர் அமைச்சகத்தின் பெருந்தன்மை என்று இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆள் தட்டுப்பாடு கதவைத் திறந்தது, தகுதி அவரை உள்ளே கொண்டுபோனது.

1918 ஜனவரி 1-2 இரவு. இத்தாலியில் பியாவே ஆற்றைக் கடந்து நடந்த தாக்குதலில், பாதுகாப்புக் குழுவை அக்கரை சேர்த்து, கடும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஒருவரையும் இழக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய டிவிஷனின் தளபதி ஜெனரல் லாஃபோர்ட் அவருடைய துணிவையும் நிதானத்தையும் எழுத்திலேயே பாராட்டினார். மார்ச் 25-ல், 29 வயதில், பிரான்ஸில் ஃபாவ்ரே அருகே குண்டு பாய்ந்து இறந்தார். கோல்கீப்பராக இருந்த டாம் பில்லிங்ஹாம் உடலை இழுத்துவர முயன்றும் முடியவில்லை.

வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரை நடந்ததாகக் குடும்பத்துக்குக் கடிதம் வந்தது. ஆவணக் காப்பகத்தில் அந்தப் பரிந்துரை அகப்படவில்லை. டல்லுக்கு அந்தப் பதக்கத்தை இப்போதாவது கொடுங்கள் என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கேட்கும்போது லாஃபோர்டின் கடிதத்தையும் அந்தச் சட்டக் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.