ரசல் பச்சோந்தி இல்லை

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பேசியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம், விளைவு பற்றி முதலில் ஒன்று சொல்லிப் பிறகு வேறொன்று சொன்னதற்காக, ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசலைப் பச்சோந்தி என்றார், கைதட்டலும் விழுந்தது. மூன்று நாளாக அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லை.

1912-இல், 40 வயதில், ஒரே காரணம் எப்போதும் ஒரே விளைவைத் தரும் என்கிற காரண விதி பழங்காலத்து மிச்சம் என்றார் ரசல். தீங்கில்லை என்று தப்பாக நினைப்பதால்தான் முடியாட்சியைப் போல அதுவும் பிழைத்துக் கிடக்கிறது என்றார். ஒன்றையொன்று ஈர்க்கும் கோள்களில் எது காரணம், எது விளைவு? சூத்திரம்தான் உண்டு என்பது வாதம். 1948-இல், 76 வயதில், 'மனித அறிவு' நூலில் காரணக் கோடுகளைப் பற்றி எழுதுகிறார். ஒரு மனிதன், ஒரு மேசை என்பதெல்லாம் சரமாகத் தொடரும் நிகழ்ச்சிகள். சிலவற்றைத் தெரிந்தால் மற்றவற்றை ஊகிக்கலாம். இதுகூட இல்லாவிட்டால், கண்ணில் பட்ட வெளிச்சத்தை வைத்து அங்கே நட்சத்திரம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் அவரை நகர்த்தியது. பழைய விதியை அப்படியே தூக்கி வந்து நடுவீட்டில் வைக்கவும் இல்லை. 36 வருட யோசனை. இது பச்சோந்தித்தனமா?

"கட்சி மாறுகிறவனும் இதைத்தானே சொல்வான்" என்பீர்கள். சொல்வான். ஏன் மாறினேன் என்று பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுவானா? "அப்போ 1912-இல் சொன்னது தப்பா?" என்றால், எல்லாம் தப்பில்லை. அது இன்னொரு நாள் பேச்சு.

என் அப்பாவைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள். குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. சில மரங்களில் பால் நின்றுபோனது. கத்தி வைத்த இடத்தில் பட்டை பழுப்பாக உலர்ந்து கிடக்கும், சிரட்டையில் சொட்டு விழாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து நோய் ஒட்டியது என்று வருடக்கணக்காகச் சொன்னார் அப்பா. அந்த வீட்டோடு பேச்சும் இல்லை. அப்புறம் ஒருநாள், தினமும் பால் வெட்டிய மரங்களையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டியவற்றையும் தனித்தனியே எண்ணினார். பால் நின்றதில் முக்காலும் தினமும் வெட்டியவை. விலை ஏறிய காலத்தில் ஆசைப்பட்டு வெட்டியது நாங்கள்தான்.

அதைக் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னார். "அண்ணனுக்கு அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு" என்றார் சித்தப்பா. பந்தியே சிரித்தது. அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். மறுநாள் விடியுமுன் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போனார், டார்ச் பிடித்துக்கொண்டு நானும் போனேன். திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன் சாயா தந்தார்கள். கிளாஸைப் பிடித்த அப்பாவின் கை நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பேசியவர் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வருவேன், நேரில் கேட்பேன்.