துணைநூற்பட்டியலின் நீளம் யாருக்கு வேண்டும்?

ஆய்வுக் கட்டுரைக்கு அறுபது துணைநூல்கள். பிரித்துப் பார்த்தவை பத்து தேறாது. மற்றதெல்லாம் அடுத்தவர் அடிக்குறிப்பிலிருந்து பிடுங்கி நட்டவை. நெறியாளர்களும் பட்டியலின் நீளத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கயவாகு சான்று’ என்று ஒரே வரியில் முடித்து, கீழே ஏதாவது ஓர் இலக்கிய வரலாற்றுக் கைநூலைக் காட்டிவிடுவது வழக்கம். அந்தக் கைநூல் யாரைப் பார்த்து எழுதியது? அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால், வி. கனகசபை 1904இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்த வாதத்தை விரிவாகப் பார்க்கலாம். காப்பியத்தின் கடைசிப் பகுதியான வரந்தரு காதையில் வரும் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’தான், இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் 2ஆம் நூற்றாண்டு அரசன் முதலாம் கஜபாகு என்பதே அதன் அச்சாணி. ஆனால் மகாவம்சத்தில் அவனைப் பற்றிய பகுதியில் பத்தினியான கண்ணகியும் இல்லை, சேரர் தலைநகர் வஞ்சிக்குப் போன பயணமும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகுவும் இருந்தான். தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை காப்பியத்தைப் பிற்காலத்துக்குக் கொண்டுபோனார். பத்தினி வழிபாடு பற்றி 1984இல் பெருநூல் எழுதிய மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கயவாகு சான்றையே வரலாறாக ஏற்கவில்லை. இவர்களை மறுத்து எழுதலாம், தாராளமாக. இப்படியொரு வழக்கு நடந்ததே தெரியாமல் எழுதுவதுதான் பிழை.

உரைகளிலும் இதே கதைதான். பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் உரை, காப்பியத்தின் மூன்றாம் பகுதியான வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவில்லை. அங்கே கைகொடுக்கும் பழைய உரை, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் அரும்பதவுரை மட்டுமே. வஞ்சிக் காண்டத்து அடி ஒன்றுக்கு ‘அடியார்க்குநல்லார் உரைப்பது’ என்று ஒரு கட்டுரை பொருள் சொன்னால், அதை எழுதியவர் மூலத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம். கட்டுரையை மூடி வைத்துவிடலாம். (காப்பியத்தைப் பற்றி எழுதும்போது உரை துணைச்சான்று. உரைமரபைப் பற்றி எழுதினால் அதே உரை முதன்மைச் சான்று. இதில் குழம்பாதவர்கள் குறைவு.)

தேடும்போது தமிழில் ஒருமுறை தட்டிவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் சிலப்பதிகாரம் என்ற ஒரு பெயரையே தொடக்கத்துச் ‘சி’க்கு C, S, Ch என மூன்று விதமாகவும், நடுவில் ‘தி’க்கு t, th, d என்று பல விதமாகவும் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலோ வெறும் ஸ்கேன் படமாகவோ கிடக்கின்றன. உள்ளே இருக்கும் சொல் தேடலில் சிக்காது. தலைப்பு, துறை, பல்கலைக்கழகம் வழியாகத்தான் போக வேண்டும். ‘செந்தமிழ்’, ‘தமிழ்ப் பொழில்’ பழைய இதழ்களுக்குத் தமிழ் இணைய மின்னூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம். நல்ல நூல் ஒன்று கிடைத்ததும் கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறங்கள். மறுப்புக் கட்டுரை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதால் இதழ் தரமானது ஆகிவிடாது. அது வெறும் அடையாள எண். கட்டணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழிலும் அது இருக்கும்.

மறுபதிப்பு இன்னொரு பொறி. 1956இல் எழுதியதை 2010 மறுபதிப்பில் படித்துவிட்டு ‘அண்மை ஆய்வு’ என்று எழுதினால், நடுவில் நடந்த விவாதமெல்லாம் தலைகீழாகிவிடும். அதனால் நூலகத்தில் வேண்டிய பக்கத்தைப் படமெடுக்கும்போதே தலைப்புப் பக்கத்தையும், முதற்பதிப்பு ஆண்டு இருக்கும் அதன் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.