மேப்பைக் கிழித்துவிட்டால் தண்ணீர் வழி மாறிப் போய்விடுமா?

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் நகர் நலச்சங்கத்து அறிவிப்புப் பலகையில் நடந்தது உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும்: அங்கே ஒட்டியிருந்த வெள்ள மேப்பைக் கிழித்துவிட்டார்கள். "என்னக்கா ஆச்சு?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கிழித்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. யாரென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

அதில் ஒட்டியிருந்தது என்ன, ராணுவ ரகசியமா? ஒரு பெரிய தாள், அதில் எங்கள் தெருக்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் மூன்று எண்கள்: 2015, 2021, 2023 வெள்ளங்களில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று. கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, சுவரில் இருக்கும் கறையைப் பார்த்துக் குறித்தது. "எங்க வீட்டுக்குள்ள ரெண்டடி" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. அவர் வீட்டுத் தளம் தெருவைவிட மூன்றடி மேலே இருக்கும், எதிர்வீட்டுத் தளம் தெருவோடு சமமாக இருக்கும். ஆகவே கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபைக் கடன் வாங்கி, எல்லா அளவையும் தெருமுனைச் சிறுபாலத்தின் மேல்மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாங்களாகவே யோசித்துச் செய்தார்கள்.

இதற்குக் கிடைத்த பாராட்டு: "ஏரியா பேரைக் கெடுக்கிறாங்க."

சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. இந்த மேப் வெளியே போனால் மனை விலை விழும், வங்கி கடன் தராது, வாடகைக்கு ஆள் வராது, இதெல்லாம் வேண்டாதவர்கள் வேலை. நான் மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

சரி, நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மேப் தண்ணீரைக் கொண்டுவருமா? 2015-ல் எங்களிடம் எந்த மேப்பும் கிடையாது. வரவில்லையா? சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. 2015 என்றதும் செம்பரம்பாக்கம் ஏரி என்பார்கள். வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டது உண்மை, சிஏஜி (மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று சொன்னதும் உண்மை. ஜாபர்கான்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். நாங்கள் இருக்கும் முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரியும், அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையும்தான். இன்றைக்கும் டிவியில் "செம்பரம்பாக்கம் நீர்மட்டம் 21 அடி" என்று ஓடினால், "இன்னும் மூணடி இருக்கே" என்று நிம்மதியாகப் படுக்கிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அந்த ஏரியின் 24 அடியில் எவ்வளவு நிரம்பியது என்பதை வைத்து எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வருமா என்று சொல்லவே முடியாது. தவறான ஏரியைப் பார்த்துப் பயப்படுகிறோம், தவறான ஏரியைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். இதைச் சொல்லித் தருவதற்குத்தான் மேப் வேண்டும் என்கிறேன்.

இன்னொருவர் இருக்கிறார், நல்ல மனிதர், ஓய்வுபெற்றவர். "2015-ல வந்தது நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற வெள்ளம்மா. இனிமே நம்ம பேரன் காலத்துக்கு அப்புறம்தான்" என்றார். சார், நூறாண்டு வெள்ளம் என்றால் காலண்டர் பார்த்து நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது அல்ல. எந்த ஒரு வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்தது என்பதற்காக இந்த வருஷம் விலகிப் போகாது. 20 வருஷ வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு. 30 வருஷம் என்றால் 26 சதவீதம். அதுவும் மழையும் ஊரும் பழைய மாதிரியே இருந்தால். ஊர் எங்கே பழைய மாதிரி இருக்கிறது? வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை எங்கள் பக்கம் மேடாகப் போகிறது. சுற்றிலும் புதிதாக வருகிற ஒவ்வொரு மனைப்பிரிவும் லோடு லோடாக மண்ணடித்து, தெருவைவிட மூன்றடி நான்கடி உயர்த்திக்கொள்கிறது. அவர்கள் பிழைத்தார்கள். அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பழைய தெருவுக்கு வருகிறது. 2015-ல் முழங்கால் நனையாத வீட்டில் 2023-ல் இடுப்பளவு நின்றது இப்படித்தான். அதனால்தான் ஒரே ஒருமுறை வரைந்த மேப் போதாது, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திருத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் கீழே ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தார்கள். அதைத்தான் கிழித்தார்கள்.

வாடகைக்கு ஆள் வராது என்றாரே, அதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் தம்பி 2023 மே மாதம் பக்கத்துத் தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு வந்தான். நல்ல வெயில். வீடு பளிச்சென்று இருந்தது. சுவரில் நெஞ்சளவு உயரம் வரைக்கும் புது பெயின்ட், அதற்கு மேலே பழையது. "டிசைன் சார், இப்ப இதான் ஃபேஷன்" என்றார் வீட்டுக்காரர். தண்ணீர் நிற்குமா என்று என் தம்பி கேட்டான். கேட்காமல் இல்லை. "2015-லேயே வாசப்படி ஏறல" என்று பதில் வந்தது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடிவந்தான்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி இரவு கரன்ட் போனது. விடியும்போது ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. மேல்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் படகு வந்தது. படகில் உட்கார்ந்தபோது அம்மா எங்கள் யாரிடமும் பேசவில்லை. ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்த அப்பாவின் பழைய பெட்டியைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருந்ததால் அரசு கொடுத்த 6,000 ரூபாய்க்கும் தம்பி விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தான்.

வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். எதற்குத் தெரியுமா? சுவருக்குப் பெயின்ட் அடிக்க! நெஞ்சளவுக்கு. அடுத்து வருகிறவர்களுக்கும் ஃபேஷன் வேண்டுமே.

அந்த வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. கிழிக்கப்பட்ட தாளில் அந்த வீட்டுக்கும் மூன்று எண்கள் இருந்தன. யாருடைய மனை விலையைக் காப்பாற்ற அந்தப் பெண்ணிடம் அதை மறைக்க வேண்டும்? நிலம் வாங்கும்போது 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் கேட்கிறோம். இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று ஒரு வரி எந்தக் காகிதத்திலும் கிடையாது. வாடகைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காகிதங்களும் கிடையாது, வீட்டுக்காரர் வாய்தான்.

ஜப்பானில் 2020 ஆகஸ்டிலிருந்து, வீடு விற்கிற, வாடகைக்கு விடுகிற தரகர் ஒப்பந்தத்துக்கு முன்பே வெள்ள அபாய வரைபடத்தை விரித்து, இந்த வீடு இங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். சட்டம். "ஜப்பானா, அவங்க எங்க நாம எங்க" என்று கமென்ட் வரும், தெரியும். அவர்களும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 2018 ஜூலையில் குராஷிக்கி நகரத்தின் மாபி பகுதியில் ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் நின்ற இடமும் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த வரைபடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இருந்தும் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வரைபடம் இருந்தது, மனதில் பதியவில்லை. மேப் இருந்தால் மட்டும் போதாது, அது கடைசி வீட்டுக் கிழவிக்கும் புரிய வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

இங்கேயும் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்று ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பைச் சென்னைக்காக உருவாக்கியது. அரசின் டிஎன்-அலர்ட் செயலி இருக்கிறது. நானே வைத்திருக்கிறேன். ஆனால் "ஆரஞ்சு எச்சரிக்கை" என்று வந்தால் எங்கள் தெருவில் ஒருவருக்கு என்ன புரிகிறது? ஒரு நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்யலாம் என்று அர்த்தம். அந்த மழைக்கு என் வாசலில் கணுக்கால் நனையுமா, கழுத்து நனையுமா? காரை எப்போது எடுக்க வேண்டும், அம்மாவை எப்போது மாடிக்கு ஏற்ற வேண்டும்? அதைச் சொல்லும் தாள் ஒன்றுதான் இருந்தது. 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினபோது ஊரே மீம் போட்டுச் சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் கார் நிறுத்தியவர்கள் அல்ல. வேளச்சேரிக்காரர்களுக்கு அவர்கள் தெரு தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"முதல்ல கால்வாயைத் தூர்வாரச் சொல்லுங்க, அப்புறம் மேப் போடுங்க." சொல்கிறேனே. இரண்டும் வேண்டும். தூர்வாரி முடிகிற வரைக்கும் அந்தக் கைக்குழந்தை எங்கே படுக்கும்?

"கணக்கு தப்பா இருந்தா?" தப்பு இருந்தால் பேனா எடுத்துத் திருத்துங்கள். கிழிக்காதீர்கள்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த இன்ஜினியர் வேலை?" இதை எழுதியவரின் மனைவி 2021-ல் எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவர் கேட்டார்: மேப்பில் சிவப்பு பூசினால் முதலில் யாரைக் காலி செய்வார்கள்? மனைப்பிரிவு போட்டவர்களையா, ஆற்றோரக் குடிசைக்காரர்களையா? நியாயமான பயம். அடையாற்றங்கரையில் இருந்தவர்களை வெள்ள அபாயம் என்று சொல்லித் தூக்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. மேப்பைக் காட்டி ஏழையை மட்டும் விரட்டுவார்கள் என்றால் அந்த மேப் அதிகாரியின் மேசையில் மட்டும் இருக்கக் கூடாது, குடிசைக்காரர் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். "இங்கே ஆபத்து என்கிறீர்களே, நீங்கள் கொடுக்கிற இடத்தில் எவ்வளவு நிற்கும்?" என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். போதுமான பதிலா என்றால், தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. வெள்ளச் சமவெளியில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று மண்டலம் பிரிக்க மத்திய அரசு மாதிரி மசோதா அனுப்பியது 1975-ல். மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்கள்தான் அதைச் சட்டமாக்கின. நாம் அதில் இல்லை. நாடே இவ்வளவு வருஷம் தூங்கும்போது எங்கள் சங்கத்தை மட்டும் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். சொல்வேன். ஏனென்றால் அரசாங்கம் என் அம்மாவைப் பார்த்தது இல்லை. இவர்கள் பார்த்தவர்கள். படகு வந்த அன்று கயிறு பிடித்தவர்களில் அந்த வாய்ஸ் நோட் போட்டவரும் ஒருவர். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கி நின்ற மனிதர் இன்றைக்குச் சதுர அடிக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போடுகிறார். எனக்கு வலிப்பது அது. குரூப்பிலிருந்து தூக்கியதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. (சரி, கொஞ்சம் வலித்தது.)

கடைசியாக, "அவ்ளோ பயமா இருந்தா நீங்க வீட்டை வித்துட்டுப் போங்க மேடம்" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: விற்பதாக இல்லை. விற்றாலும், வாங்க வருகிறவரிடம் மூன்று அளவையும் சொல்லித்தான் விற்பேன். எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தெருப்பெயரை இன்பாக்ஸில் போடுங்கள். எங்களிடம் இருக்கிற அளவைச் சொல்கிறேன், கமிஷன் கிடையாது. வீடு பார்க்கப் போகும்போது சுவரில் பெயின்ட் எந்த உயரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.