ஆங்கில உச்சரிப்பு ஆசிரியருக்குத் தமிழ் ஒலியியல் தெரிந்திருக்க வேண்டும்

நம் ஊரில் ஆங்கில உச்சரிப்பு சொல்லித் தரும் வகுப்புகள் பலவும், வெளிநாட்டில் அச்சான பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து அப்படியே நடத்துகின்றன. அந்தப் புத்தகம் எந்த மொழிக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. முதல் பாடத்திலேயே கப்பலுக்கான ‘ஷிப்’, ஆட்டுக்கான ‘ஷீப்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைப்பார்கள். ஸ்பானிய மொழிக்காரருக்கு அது உண்மையிலேயே கடினம். அவர் மொழியில் உயிரொலியின் நீளத்தால் பொருள் மாறுவதில்லை. ‘படி’, ‘பாடி’ என்று பேசி வளர்ந்த நம் பிள்ளைக்குக் குறில் நெடிலைப் பிரித்துக் கேட்கப் புதிதாக எதற்குப் பயிற்சி? அவ்விரு ஆங்கிலச் சொற்களிலும் நீளத்தோடு ஒலியின் தன்மையும் சற்று மாறும் என்பது சரிதான். ஆனாலும் நீளம் சரியாக இருந்தால் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

நம் மாணவர் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். தமிழில் ககரம் ஓர் எழுத்துதான். ஆனால் ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் அது மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இடமே தீர்மானித்துவிடுவதால், நாம் அந்த வேறுபாட்டைக் காதில் வாங்குவதே இல்லை. ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடுதான் பொருளைத் தருகிறது. முதுகுக்கான ‘பேக்’, பைக்கான ‘பேக்’ இரண்டையும் தமிழெழுத்தில் எழுதினால் ஒன்றாகவே நிற்கின்றன. மாணவர் வாயிலும் அப்படியே வருகின்றன. இதைத் திருத்தத் தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்வது வழக்கம். சொல்லின் இறுதியில் அது அவ்வளவாகப் பயன்படாது, ஏனென்றால் ஆங்கிலேயரே அங்கே அதிர்வைப் பாதியில் விட்டுவிடுவார்கள். அவர்கள் காது பிடித்துக்கொள்வது, அதற்கு முன்னால் உள்ள உயிரொலியின் நீளத்தை. ஆகவே, “முதுகு என்றால் குறுக்கிச் சொல், பை என்றால் கொஞ்சம் நீட்டிச் சொல்” என்று நான் வகுப்பில் சொல்வேன். குறில் நெடில் அறிந்த பிள்ளைகள் அதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

சொல்லின் தொடக்கத்தில் நிலைமை வேறு. அங்கே ஆங்கிலப் பகரத்தோடு ஒரு மூச்சு வெளிப்படும். தமிழ்ப் பகரத்தில் அது இல்லை. அந்த மூச்சு இல்லாமல் நாம் குண்டூசிக்கான ‘பின்’ என்ற சொல்லைச் சொன்னால், ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டிக்கான ‘பின்’ ஆக விழலாம். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்குத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பின்’ என்று சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குத் தாள் துடிக்க வேண்டும், குப்பைத்தொட்டிக்கு அசையாமல் நிற்க வேண்டும். முதல் நாள் எல்லோர் தாளும் அசையாமல் நிற்கும்; மறுநாள் எல்லாவற்றுக்கும் துடிக்கும். அதற்குப் பிறகுதான் பிரித்துச் சொல்ல வரும்.

டகர ஒலிக்கும் இதே போன்ற ஒரு வழி உண்டு. ஆங்கில ஒலி நம் டகரத்தைப் போல நாக்கை மடித்துச் சொல்வதன்று. மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் நுனிநாக்கு தொடும் இடத்தில் பிறப்பது. அந்த இடம் தமிழுக்கு அந்நியமில்லை. றகரமும் னகரமும் ஒரே இடத்தில் பிறப்பதாகத் தொல்காப்பியப் பிறப்பியலே சொல்கிறது. ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’, ‘ரிக்கற்’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கும் நம்மவர்களுக்கு, அந்த எழுத்து ஆங்கில ஒலிக்கு நம் டகரத்தைவிட நெருக்கமானது என்பது தெரிவதில்லை. ‘ன்’ என்று சொல்லி, நாக்கை அங்கிருந்து நகர்த்தாமல் அடுத்த ஒலியை வெடிக்கச் செய்தால் போதும். ஆனால் நம் டகரத்தையே வைத்துப் பேசினாலும் பெரும்பாலும் புரிந்துவிடும் என்பதால், இதற்கு அரை வகுப்புக்கு மேல் செலவிட மாட்டேன். எகரத்துக்கு முன்னால் யகரம் சேர்த்து ‘யெம்மே’, ‘யெஞ்சினியர்’ என்று சொல்வதும் அப்படித்தான். ஒருமுறை சுட்டிக்காட்டினால் மாணவரே திருத்திக்கொள்வார்.

மிச்சமாகும் நேரம் முழுவதையும் அசையழுத்தத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே அடையாளம் தெரியாமல் போகும். ‘ஹோட்டல்’ என்று நாம் முதல் அசையில் நிற்கிறோம், அவர்கள் இரண்டாவதில் நிற்கிறார்கள். ‘டெவலப்’ என்பதிலும் அழுத்தம் நடுவில்தான். ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதலில் இருக்கும் அழுத்தம், அக்கலையின் பெயரைச் சொல்லும்போது இரண்டாம் அசைக்குப் போய், முதலில் இருந்த ஓகாரமே தேய்ந்து ஏறக்குறைய ‘ஃபடாக்ரஃபி’ என்றாகிவிடுகிறது. அழுத்தம் பெறாத உயிர் இப்படித் தேய்வதுதான் ஆங்கிலத்தின் உயிர்நாடி. குற்றியலுகரமும் ஐகாரக்குறுக்கமும் படித்தவருக்கு உயிர் தேயும் என்பது புதிய செய்தியன்று; ஆங்கில ஆசிரியர்தான் அந்தப் பாடத்தை நினைவூட்டுவதில்லை. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் அருகே தமிழெழுத்தில் உச்சரிப்பு போட்டு விற்கும் ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள், அழுத்தத்தையும் தேய்வையும் ஒருசேரத் துடைத்தெறிந்துவிடுகின்றன. அகராதியில் அசைக்கு முன்னால் மேலே போட்டிருக்கும் சிறு கோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாலே, மாணவருக்கு அந்தப் புத்தகம் தேவைப்படாது.

ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே. பன்சால் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போகும் காரணங்களில் அழுத்தம் தவறுவதை முக்கியமானதாகக் காட்டியது. இதற்கு எதிர்க்கருத்தும் உண்டு. 2000-இல் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சொல்லழுத்தம் இன்றியமையாததன்று என்று வாதிட்டார். கொரியரும் பிரேசில்காரரும் பேசிக்கொள்ளும் கூட்டத்துக்கு அது பொருந்தலாம். நம் பிள்ளைகளில் பலர் தொலைபேசியில் பேசவிருப்பது அமெரிக்க, பிரிட்டிஷ் வாடிக்கையாளரோடு. அங்கே உதட்டைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. அதனால் இந்த ஒன்றில் நான் பன்சால் பக்கம்.

இதைச் சொன்னால், “அப்படியானால் வெள்ளைக்காரன் மாதிரியே பேச வேண்டுமா?” என்று சிலர் கோபப்படுகிறார்கள். வேண்டாம். பேச்சில் தாய்மொழிச் சாயல் பலமாக இருப்பதும், பேச்சு புரியாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதைக் கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற மொழி ஆய்வாளர் இருவரும் 1995-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். சாயலை அழித்துத் தருகிறோம் என்று பணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் விற்பது கூச்சத்தை மட்டுமே.

அந்தக் கூச்சத்தின் பெயரால் மிக அதிகமாக வீணாவது, பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்லும் அந்தத் தகர ஒலிக்காக. ‘தேங்க்ஸ்’ என்பதை நம் தகரத்தைக் கொண்டே சொன்னாலும் உலகில் எவருக்கும் புரியும். கட்டாயம் கற்க வேண்டியவை என்று தாம் வகுத்த பட்டியலில் ஜென்கின்ஸும் அதைச் சேர்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு வாரத்தை எடுத்து, ‘வாக்கெட்’, ‘டெவலப்பெட்’ என்று இறந்தகால விகுதியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்தைத் திருத்தக் கொடுங்கள். முன்னால் நிற்கும் ஒலி அதிராததாக இருந்தால் விகுதி டகரமாக வல்லென்று ஒலிக்கும், அதிர்வதாக இருந்தால் மெலிந்து ஒலிக்கும், ‘வான்ட்’ போல அந்த விகுதியின் ஒலியிலேயே, வல்லென்றோ மெலிந்தோ, சொல் முடிந்தால் மட்டும் தனி அசையாகும். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி ஆகும் என்று புணர்ச்சி படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு மணி நேரப் பாடம்.