டயப்பர் கணக்கு சரி, ஆள் கணக்கு எங்கே?

தாம்பரம், ஆவடி, போரூர் பக்கம் வாடகை வீடு. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். மூணு வயதுக்குள் ஒரு குழந்தை. மாசம் எவ்வளவு ஆகும்? யாரிடம் கேட்டாலும் பால், டயப்பர், டாக்டர், துணிமணி என்று வரிசையாகச் சொல்லி ஆறாயிரத்திலோ எட்டாயிரத்திலோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்தத் தொகை பொய்யில்லை. ஆனால் பகலெல்லாம் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற வரி அதில் இருக்காது. பாட்டி பார்த்துக்கொண்டால் பூஜ்யம், அம்மா வேலையை விட்டால் அதுவும் பூஜ்யம் என்று எழுதியே பழகிவிட்டோம். என்னைக் கேட்டால் முதல் மூணு வருஷத்தில் மற்ற எல்லாச் செலவையும் கூட்டினாலும் அந்த ஒரு வரியைத் தொடாது. மற்றதெல்லாம் கொஞ்சம் விவரமாக இருந்தால் இழுத்துப் பிடிக்கக்கூடியவை. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

டயப்பர். ஆறு மாசக் குழந்தைக்கு நாள் முழுக்க டயப்பர் என்றால் ஒரு நாளைக்கு 6. ஒன்று 11 ரூபாய் என்று வைத்தால் மாசம் 1,980. ராத்திரிக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, மீதி நேரம் பழைய வேட்டித் துணி என்றால் அதே மாசம் 660-இல் முடியும். ஆஃபரில் கிடைக்கிறதென்று சின்ன சைஸில் பெரிய பாக்கெட்டாக வாங்கி அடுக்குவதுதான் நிறையப் பேர் காசைத் தொலைக்கும் இடம். பிறந்த குழந்தை சைஸ் 5 கிலோ வரைதான். பல குழந்தைகள் ரெண்டு மாசத்திலேயே அதைத் தாண்டிவிடும். அட்டையில் போட்டிருக்கும் மாச வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். தொடை ஓரம் ஒழுகினால் மட்டமான பிராண்டு என்று திட்டுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பதிந்த சிவப்புக் கோடு இருந்தால் சைஸ் போதவில்லை, அவ்வளவுதான். கடையில் பாக்கெட் விலையை ஒப்பிடுவது வீண், சைஸ் ஏற ஏற உள்ளே எண்ணிக்கை குறையும். ஒரு பீஸ் என்ன விலை என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் புட்டிக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலை மனதில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

துவைத்துப் போடும் துணி டயப்பர் ஒன்று 300 முதல் 500 ரூபாய். முழுநேரம் அதையே நம்பினால் எட்டுப் பத்து வேண்டும், ஆக முதலிலேயே நாலாயிரம் போகும். ரெண்டு வருஷம் ஓட்டினால் கட்டாயம் லாபம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே வைக்கும் கனமான பட்டை காய ஒன்றரை நாள் ஆகும், பால்கனி இல்லாத வீட்டில் கேட்கவே வேண்டாம். கம்ஃபோர்ட் மாதிரி திரவம் ஊற்றி அலசினால் துணி ஈரத்தை உறிஞ்சாது. புண்ணுக்குத் தடவும் பிசுபிசுப்பான களிம்பும் அதே வேலையைச் செய்யும். ரெண்டு மாசத்தில் "இது ஒழுகுது" என்று தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

பால்மாவு. தாய்ப்பால் போதவில்லை என்று வீட்டில் யாரோ சொன்னதை வைத்து ஆரம்பிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். மூணு மாசக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லி. 30 மில்லிக்கு ஒரு கரண்டி, ஒரு கரண்டி ஏறத்தாழ 4.5 கிராம். நாளைக்கு ஆறு வேளை என்றால் 135 கிராம். 400 கிராம் பெட்டி மூணு நாள்தான் வரும், மாசத்துக்குப் பத்துப் பெட்டி. சாதாரண வகையே பெட்டி 400 ரூபாய்க்கு மேல், உயர்ந்த வகை 800-ஐத் தாண்டும். அப்படியானால் மாசம் 4,000 முதல் 8,000. பட்ஜெட் இடிக்கும்போது நடக்கும் ஆபத்தான காரியம், 150 மில்லிக்கு ஐந்துக்குப் பதில் நாலு கரண்டி போடுவது. குழந்தைக்கு வயிறு நிறையும், சத்து போகாது. நாளானால் எடை நிற்கும். உப்புச் சமநிலை கெட்டு வலிப்பு வரைக்கும் போகலாம். எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். ஒரு வயது வரை பசும்பாலையும் இதற்கு மாற்றாக வைக்கக்கூடாது.

மருத்துவ நிலையே பால்மாவு கேட்கும் குழந்தைகள் உண்டு, அங்கே பேச்சில்லை. ஆனால் குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். ஒரு வேளை புட்டி போனால் அந்த வேளைச் சுரப்பும் குறையும், அடுத்த வாரம் ரெண்டு வேளை புட்டி ஆகும். 1992-ஆம் வருஷச் சட்டப்படி பால்மாவுக்கு விளம்பரமும் கூடாது, இலவச மாதிரியும் கூடாது. ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு டப்பாவைப் பரிசாக நீட்டினால் அது அன்பளிப்பில்லை. வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்குக் கையால் அழுத்தும் பம்ப் ஆயிரம் ரூபாய்க்கு வரும், மின்சார பம்ப் மூவாயிரம் வாக்கில். எதை வாங்கினாலும் ஒரு மாசப் பால்மாவுக் காசுக்குள் அடங்கும். எடுத்த பால் ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். வெளியே நாலு மணி நேரம் என்று படிப்பதெல்லாம் 25 டிகிரிக்குச் சொன்னது. நம் மே மாசத்துக்குச் செல்லாது.

ஆறு மாசத்துக்கு மேல் உணவு. 300 கிராம் பெட்டிக்கூழ் வாங்கும் காசில் மூணு கிலோவுக்கு மேல் கேழ்வரகு வரும். கழுவும் தண்ணீர் தெளியும் வரை அலசி, பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டினால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளை நூல் மாதிரி நீளும்வரை விடாதீர்கள், புளிப்பு ஏறும். நிழலில், மழைக்காலமானால் ஃபேனுக்குக் கீழே, கடித்தால் நறுக்கென்று உடையும் வரை காயவைத்து, லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்து மூடினால் டப்பாவுக்குள் வேர்த்து பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் சலித்தால் ஆறு மாசக் குழந்தைக்கும் தொண்டையில் உறுத்தாது. அரவைக் கூலி சேர்த்தாலும் கிலோ நூறைத் தாண்டாது.

இதற்கு நேரெதிர், இருபத்தோரு சாமான் போட்ட "ஸ்பெஷல்" சத்துமாவு, கிலோ 700 ரூபாய். பாதாம், முந்திரி, வேர்க்கடலை எல்லாம் மாவாகிக் கிடந்தால் ஒரு மாசத்தில் சிக்கு வாடை வந்துவிடும். குழந்தைக்குத் தடிப்பு வந்தால் எந்தச் சாமானால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு புதுச் சாமான், மூணு நாள், அப்புறம் அடுத்தது. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் கிடையாது. அங்கன்வாடியில் பெயரைப் பதிந்தால் இணை உணவு மாவு பாக்கெட்டும் மாசாமாசம் எடை பார்ப்பதும் இலவசம். "நமக்கெல்லாம் எதுக்கு அங்கன்வாடி" என்று சொல்லிவிட்டு அதே எடையைப் பார்க்க 600 ரூபாய் ஃபீஸ் கட்டுகிறோம்.

ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டர் பால் போதும். ஆவின் நீல பாக்கெட் 20 ரூபாய், மாசம் 600. லிட்டர் கணக்கில் ஊற்றினால் சோறு இறங்காது, ரத்தசோகைதான் வரும். பாலில் கலக்கும் பழுப்புப் பவுடர்களை "ஹெல்த் டிரிங்க்" பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் மளிகை லிஸ்டில் அது இருந்தால் அடித்துவிடுங்கள்.

தடுப்பூசியில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். தனியாரில் ஆறாவது வார ஊசிக்கு ஒரே நாளில் பில் எட்டாயிரத்தைத் தொடும். பத்தாவது, பதினாலாவது வாரங்களிலும் அதே கதை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், போலியோ, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, நிமோனியாவுக்கான பிசிவி எல்லாம் இலவசம். பிசிவி 2021-இல் சேர்ந்தது. அது அரசில் கிடையாது என்று இன்னமும் சொல்கிறவர்கள் பழைய தகவலில் இருக்கிறார்கள். தனியாரின் "வலியில்லா" ஊசியில் காய்ச்சல் குறைவு என்பது உண்மை. பாதுகாப்பு அதிகம் என்பது உண்மையில்லை. ஒரு ராத்திரி காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டால் பல ஆயிரம் மிச்சம். அரசு அட்டவணையில் இல்லாத டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ, ஃப்ளூ ஆகியவற்றை மட்டும் காசு கொடுத்துப் போடுங்கள். அரசில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் மட்டும்தான், பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் வெளியேதான். அங்கே பாதி இங்கே பாதி என்று போடுகிறவர்கள் ஒரே அட்டையில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு அட்டை இருந்தால் ஒரு ஊசி கட்டாயம் விட்டுப்போகும்.

வீட்டில் பாராசிட்டமால் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால், 250 சிரப்பானால் ரெண்டு மடங்கு, 120 சிரப்பானால் நாலு மடங்கு உள்ளே போகும்.

துணி, பொம்மை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா பிள்ளை, சித்தி பிள்ளை துணியே போதும். காதுகுத்துச் செலவை இதில் சேர்க்கவில்லை, அதுக்கு மொய் வருகிறது.

எல்.கே.ஜி.யில்தான் மாசக் கணக்கு என்பதே உடையும். உதாரணத்துக்கு ஃபீஸ் 60,000, புத்தகமும் யூனிஃபார்மும் 8,000, வேன் 1,500 வீதம் பத்து மாசம். மொத்தம் 83,000. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 6,900 ரூபாய்தான், ஆனால் பாதிக்கு மேல் ஏப்ரல், மே, ஜூனில் ஒரேயடியாக வந்து நிற்கும், நகை அடகுக்கடைக்குப் போகும். முந்தின வருஷம் ஜூனிலேயே மாசம் 7,000 ஆர்.டி. போட ஆரம்பித்தால் இது தீரும். 2009 சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. சேர்க்கும் முன் அந்தப் பள்ளிக்குக் குழு போட்ட உத்தரவைக் கேட்டுப் பாருங்கள். ரசீதில் டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று தனியாகப் பிரித்து வாங்குங்கள், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வருமான வரிக் கழிவில் அது மட்டும்தான் செல்லும். 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. நடக்கிறது. பக்கத்தில் இருந்தால் போய் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி ஆள் கணக்கு.

வழிகள் நாலு. ஊரிலிருந்து பாட்டி வருவது, வீட்டுக்கு ஆயா வைப்பது, டே கேர், அம்மா வேலையை விடுவது. பாட்டி இலவசம் என்று சொல்கிறவர்கள் அவருடைய பிரஷர், சுகர் மாத்திரையையும், மாசம் ஒரு முறை ஊருக்குப் போய்வரும் டிக்கெட்டையும், ஊரில் தாத்தா தனியாக மெஸ்ஸில் சாப்பிடும் காசையும் கூட்டிப் பார்த்ததில்லை. பத்து கிலோ குழந்தையை இடுப்பில் தூக்கித் தூக்கி வரும் முட்டி வலிக்கு விலையே போட முடியாது. பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் மாசம் நாலாயிரமாவது அவர் கணக்கில் போடுங்கள். பெற்றவளுக்கே சம்பளமா என்று கூச்சப்படுகிறவர்கள் டே கேருக்கு ஒன்பதாயிரம் கொடுக்கக் கூச்சப்படுவதில்லை.

வீட்டுக்கு வரும் ஆயாவுக்கு எட்டு மணி நேரத்துக்கு 12,000 முதல் 18,000. ஏஜென்சி வழியாக வந்தால் கமிஷன் தனி. புறநகர் டே கேர் 7,000 முதல் 12,000. இதில் சாப்பாடு சேர்த்தியா, சனிக்கிழமை உண்டா, ஆறரைக்கு மேல் மணிக்கு எவ்வளவு, வருஷக் கட்டணம் தனியா, நிறுத்த எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். கேமரா இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரெண்டு வயதுக்குட்பட்ட நாலு குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கிறாரா, அந்த ஆயா அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேட்பதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஆள் மாறும் இடத்தில் கேமரா இருந்து என்ன பயன்?

காய்ச்சல் என்றால் எந்த டே கேரும் சேர்க்காது, ஆனால் அந்த நாளுக்குக் கட்டணம் கழியாது. சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி, காய்ச்சல் வருவது சகஜம். டே கேரில் சேர்த்த முதல் வருஷம் இன்னும் கூடும். ஒவ்வொன்றுக்கும் மூணு நாள் என்றாலே 24 நாள் லீவு. அம்மாவின் சம்பளம் மாசம் 28,000 என்று வைத்தால் ஒரு நாள் சம்பளம் 930 ரூபாய். லீவு தீர்ந்தபின் இது முழுக்க அம்மா சம்பளத்திலேயே பிடிபடும், ஏனென்றால் அப்பா லீவு போட்டதாகச் சரித்திரம் இல்லை. குழந்தை அங்கே பழகும் முதல் ரெண்டு வாரத்துக்கும் அரை நாள் அரை நாளாக ஆள் வேண்டும். மகப்பேறு விடுப்பு முடிவதற்கு ரெண்டு வாரம் முன்பே சேர்த்துவிட்டால் இந்த லீவாவது மிஞ்சும்.

இந்த இடத்தில்தான் அந்த வசனம் வரும்: "உன் சம்பளத்துல பாதி டே கேருக்கே போயிடுது, வேலைய விட்டுடேன்." ஏன் அவள் சம்பளத்தில் பாதி? குழந்தை ரெண்டு பேருக்கும்தானே. 9,000-இல் ஆளுக்கு 4,500 என்று எழுதிப் பாருங்கள், பேச்சே மாறும். மூணு வருஷ டே கேர் 3,24,000. கைக்கு வரும் 28,000 சம்பளத்தை மூணு வருஷம் விட்டால் 10,08,000. பி.எஃப். பிடித்தம் 15,000 அடிப்படைச் சம்பளத்துக்கு இரு பங்கும் சேர்த்து மாசம் 3,600, அதில் 1,29,600 போகும். ஐந்து வருஷம் முடியப் போகும் நேரத்தில் விட்டால் கிராஜுவிட்டியும் போகும். மூணு வருஷ இடைவெளிக்குப் பிறகு அதே சம்பளத்துக்கு யாரும் எடுப்பதில்லை. குழந்தையோடு இருக்க விரும்பி ஒருத்தி வேலையை விட்டால் அது அவள் முடிவு. காசு மிச்சமாகும் என்று சொல்லி விடவைக்காதீர்கள், மிச்சமாகாது.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கவும் அதில் இடமுண்டு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. பல கம்பெனிகளில் இது காகிதத்தில்தான் இருக்கிறது. பக்கத்து டே கேரோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு தருகிற கம்பெனிகளும் உண்டு, கேட்டவர்களுக்கு மட்டும். விடுப்பில் இருக்கும்போதே எச்.ஆருக்கு மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். அப்பாவும் தன் ஆபீஸில் அதே மெயிலை அனுப்பலாம்.